அன்பில் தேறிய கடம்பந்தாங்கல்

கடம்பந்தாங்கல் ஏரிப் பறவைகளை எங்கள் ஆபீஸ்தான் கெடுத்துவிட்டது என்று திருக்கழுக்குன்றம் சந்தையில் வாய் கூசாமல் பேசுகிறார்கள். அபாண்டம்! எங்கள் ஆபீஸ் எதையும் கெடுத்தது கிடையாது. ஒன்றைக் கெடுக்க வேண்டுமென்றாலும் மூன்று பிரதிகளில் எழுதி அனுப்பி, மேலிடத்து உத்தரவு வந்து சேர்வதற்குள் அது தானாகவே கெட்டுப்போயிருக்கும். அங்கே குமாஸ்தாவாக இருந்தவன் நான். பெயர் அருணகிரி. எல்லாக் காகிதமும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பழி யார் மேல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸின் முழுப் பெயர், ‘ஜில்லா இயற்கைச் செல்வ சம்ரட்சணை மற்றும் கிராம ஜன அறிவூட்டல் திட்டம்’. ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதம் செங்கற்பட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தில் திறந்தோம். பலகை எழுத வந்தவர், ‘அறிவூட்டல்’ வரைக்கும்தான் சுவர் இருக்கிறது என்று கையை விரித்தார். ‘திட்டம்’ என்ற கடைசிச் சொல் பக்கத்துப் பல் வைத்தியர் சுவரில் போய் விழுந்தது. பல் பிடுங்கவும் சர்க்கார் திட்டம் வந்துவிட்டதா என்று நோயாளிகள் கேட்பதாக அவர் தினமும் சண்டைக்கு வந்தார்.

ஆபீஸில் மூன்று பேர். தனி அதிகாரி அவர்கள், இயற்கைப் போதகராக வந்த மிஸ் ஜெசிந்தா, பிறகு நான். தனி அதிகாரி அவர்கள் சாமானியப்பட்டவர் இல்லை. திறப்பு விழா அன்றே தம் அனுபவத்தைச் சபைக்கு எடுத்துச் சொன்னார்.

“யுத்த காலத்தில் நான் அரிசிக் கட்டுப்பாட்டில் இருந்தேன். அரிசியைப் பாதுகாத்தோம். எப்படிப் பாதுகாத்தோம்? ஒரு மணி கூட யார் கைக்கும் போகாமல் பாதுகாத்தோம்! பிறகு மண்ணெண்ணெய். அதையும் அப்படியே. இப்போது சர்க்கார் என்னை நம்பி இயற்கையைக் கொடுத்திருக்கிறது. அதையும் யார் கைக்கும் போக விடமாட்டேன்.”

எல்லோரும் கைதட்டினோம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பாதுகாக்க முதலில் ஓர் ஊர் வேண்டுமே. கடம்பந்தாங்கலைத் தேர்ந்தெடுத்தோம். மாமல்லபுரத்துக்கு மேற்கே ஐந்து மைல். சின்ன ஏரி. ஏரிக்குள்ளேயே தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் கடம்ப மரங்கள். ஐப்பசி மழைக்கு நாரையும் வக்காவும் நீர்க்காக்காயும் கூழைக்கடாவுமாக ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக் கூடு கட்டும். காலையில் உப்பங்கழிக்கும் கால்வாய்க்கும் போய் மீன் பிடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பும். பங்குனி வெயிலுக்குக் குஞ்சுகளோடு கிளம்பிப் போய்விடும். எத்தனை தலைமுறையாக என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பறவைகள் இருக்கிற மாதங்களில் ஊர்க்காரர்கள் செய்கிற கூத்து உண்டே! தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண மேளம் ஊர் எல்லையோடு நின்றுவிடும். மாப்பிள்ளை, எழவு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சத்தமில்லாமல் நடந்து வருவான். புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் யாராவது பெரியவர் வந்து, “ஏரிக்கு அந்தாண்ட போய் அடிச்சிக்குங்க” என்று அனுப்பிவைப்பார். இப்படிப்பட்ட ஊருக்குப் பறவைப் பாதுகாப்பு கற்றுக்கொடுக்கப் போனோம். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, நாங்கள் கடையே போட்டுவிட்டோம்.

கார்த்திகைக் கடைசியில் ஏரிக்கரையில் முதல் கூட்டம். தனி அதிகாரி அவர்கள் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பேசி முடித்துக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றார். ஒரு சத்தம் இல்லை. இருநூறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, நாரைக் கூட்டைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அந்த மாதங்களில் ஏரிக்கரையில் எவனும் கைதட்டமாட்டான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தனி அதிகாரி அவர்களின் முகம் சுண்டிப்போயிற்று. ‘உற்சாகம்: பூஜ்யம்’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிறகு முன்வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பினார். அவர்தான் துரை. முக்கால் காணிக்காரர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதுவும் கடைமடை நிலம். ஏரித் தண்ணீர் எல்லார் வயலிலும் பாய்ந்த பிறகு கடைசியாக அங்கே வரும்; வறட்சி மட்டும் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும். கிணறு கிடையாது. பெண்டாட்டி சின்னப்பொண்ணு, இரண்டு பிள்ளைகள், அந்த முக்கால் காணியில் விளைகிற சம்பா நெல்தான் வருஷம் முழுக்கச் சோறு. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் இல்லாத மனுஷர்.

“ஏம்ப்பா, இந்தப் பறவைகளை நீங்கள் எதற்காகக் காப்பாற்றுகிறீர்கள்?” என்றார் தனி அதிகாரி அவர்கள்.

“அதுங்க பேலுது சாமி.”

தனி அதிகாரி அவர்கள் என்னைப் பார்த்தார். நான் ‘எச்சம்’ என்று எழுதிக்கொண்டேன்.

“அதுங்க பேல்றது தண்ணில வுழுது. அந்தத் தண்ணி பாஞ்சா நெல்லு சும்மா நிமுந்துகினு வருது. எரு வோணாம், புண்ணாக்கு வோணாம். அதான் பாத்துக்கிறோம்.”

“வேறு காரணம்?”

துரை யோசித்தார். “வேற இன்னா கீது? அதுங்க நமக்கு சோறு போடுது. அதுங்க மேல எவனும் கைய வக்காம நாம பாத்துக்கிறோம். அவ்ளோதான் சாமி.”

“அன்பு?”

“இன்னாது?”

“அன்பு ஐயா, அன்பு! உனக்கு அன்பு கிடையாதா?”

துரைக்குக் காது வரை வெட்கம் வந்துவிட்டது. பெண்கள் பக்கம் சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “அதெல்லாம் வூட்டுல சாமி. நாலு பேரு எதிர்ல கேக்குறீங்களே.”

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணனுக்கு நோப்பாளம், அதாவது கோபம், என்பார்களே. தனி அதிகாரி அவர்கள் அன்று மதியம் மாமல்லபுரம் பங்களாவில் வஞ்சிர மீன் வறுவலைக் கூடத் தொடவில்லை. இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டார். “பார்த்தீரா அருணகிரி, இது பாதுகாப்பே இல்லை. சுரண்டல்! சுயலாபத்துக்காகக் காப்பாற்றுகிறான்கள். எனக்கு இந்தப் பறவைகளால் என்ன லாபம்? சம்பளம், முகாம் படி, ஒரு ஜீப்பு. வேறு ஏதாவது உண்டா? இருந்தும் நான் அன்பு செலுத்தவில்லையா?” என்றார். வேறு ஒன்றும் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

மார்கழி முதல் தேதி உத்தரவு போயிற்று. கடம்பந்தாங்கல் ‘அன்பு எய்தாத கிராமம்’ என்று வகைப்படுத்தப்படுகிறது. ஏரி நீரில் உள்ள பறவை உரம் இயற்கையின் கொடை. அந்தக் கொடை அன்பில்லாதவர்களுக்குப் போய்ச் சேருவது முறையல்ல. ஆகவே கிராமத்தார் பறவை நேசத் தேர்வில் தேறும் வரையில் மதகு மூடி முத்திரை வைக்கப்படுகிறது. நானே போய் மதகுக் கட்டையில் கோணி சுற்றி, அரக்கு உருக்கி, முத்திரை குத்திவிட்டு வந்தேன். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளும் போட்டார்கள். உடைத்தால் ஆறு மாதம் ஜெயில் என்று மணியக்காரர் தமுக்கு அடிக்காமல் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

அந்த வருஷம் கார்த்திகையோடு மழை கண்ணை மூடிக்கொண்டது. வயலெல்லாம் கதிர் பால் பிடிக்கிற நேரம். தை பிறப்பதற்குள் இரண்டு நனைப்பாவது கொடுத்தாக வேண்டும். தவறினால் கதிர் முழுக்கப் பதர். துரை என் வேட்டியைப் பிடிக்காத குறை.

“ஐயரே, ஒரு நனைப்பு. ஒண்ணே ஒண்ணு. அன்பு பொறவு வச்சிக்கிறேன், சத்தியமா!”

“நான் ஐயர் இல்லை, துரை.”

“யாரா இருந்தா இன்னா சார், பேனா உங்க கையில கீது இல்ல?”

பேனா என் கையில்தான் இருந்தது. மை ஆபீஸுடையது.

வகுப்புகள் தொடங்கின. மிஸ் ஜெசிந்தா தங்கமான பெண். செங்கற்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, அரை மைல் வரப்பில் நடந்து, சாயங்காலத்தில் பஜனை மடத்தில் படங்களை மாட்டிப் பாடம் நடத்தினாள். படங்கள்தான் கொஞ்சம் தகராறு. ஏதோ ஒரு வெளிநாட்டு நல்லெண்ணச் சங்கம் இனாமாகக் கொடுத்தவை. நெருப்புக்கோழி, பென்குவின், பனியில் நிற்கும் சிவப்பு மார்புக் குருவி. நாரை படம் கேட்டு எழுதியிருந்தோம். ‘நாரை எதற்கு வேண்டும் என்று விளக்கவும்’ என்று பதில் வந்திருந்தது.

பென்குவின் படத்தை மாட்டியதும் ஊரே குனிந்து பார்த்தது. “கோட்டு போட்டுகினு கீதே, இது ஆபீசரு ஜாதியா மிஸ்ஸு?” என்றாள் எல்லம்மாள் என்ற ஒரு கிழவி. நெருப்புக்கோழி முட்டை ஒன்றின் எடை மூன்று ராத்தல் என்று எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். பக்கத்திலேயே மரத்தில் நிஜப் பறவைகள் ஆயிரம் கத்திக்கொண்டிருந்தன. அவை பாடத்திட்டத்தில் இல்லை.

“அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது சார்,” என்றாள் ஜெசிந்தா ஒரு நாள் பஸ்ஸில். “எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு என்று கூடச் சொல்கிறார்கள். நான் போய் பென்குவின் காட்டுகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.” வெட்கத்துக்கு எந்தக் கோப்பு என்று எனக்கும் தெரியவில்லை.

முதல் தேர்வில் துரை தோற்றார். நெருப்புக்கோழி, பென்குவின் எல்லாம் சரி. ஐந்தாவது கேள்விதான் கவிழ்த்தது. ‘பறவைகளால் உனக்கு என்ன பயன்?’ ‘எரு’ என்று சொல்லிவிட்டார். சரியான விடை, ‘ஒரு பயனும் இல்லை, அன்பு ஒன்றே.’ ஒருவர் தோற்றாலும் ஊரே தோற்றது என்பது விதி. மறுதேர்வு ஒரு வாரம் கழித்து. அதிலும் அப்படியே. பழக்க தோஷம் ஐயா. வாயைத் திறந்தால் உண்மை வந்து விழுந்துவிடுகிறது.

இதற்குள் கடைமடை வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் உச்சி வேளையில் நாங்கள் ஜீப்பில் போய் இறங்கியபோது, துரையும் சின்னப்பொண்ணும் ஏரியிலிருந்து குடம் குடமாக மொண்டு வயலுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். அரை மைல் தூரம். சின்னப்பொண்ணின் தலையில் சும்மாடு நனைந்து முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“நில்லும்மா! இந்தத் தண்ணீர் குடிக்கவா, பாய்ச்சவா?” என்றார் தனி அதிகாரி அவர்கள். குடிக்க எடுக்கத் தடையில்லை, பாய்ச்சத்தான் தடை.

“குடிக்கத்தான்,” என்றாள் சின்னப்பொண்ணு, குடத்தை இறக்காமலே. “முக்கா காணி நெல்லும் தாகம் எடுத்து நாக்கத் தொங்கப் போட்டுகினு கீது. அதுவும் வாய் வச்சித்தான் குடிக்கப் போவுது. வழிய வுடுங்க.”

தனி அதிகாரி அவர்கள் வழிவிடவில்லை. ஆனால் அந்தப் பதில் அவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிட்டது. ஒரு குடம் தண்ணீரில் எவ்வளவு பறவை உரம் இருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு கொடை களவு போயிற்று என்று சொல்ல முடியும்? கணக்கெடுக்கும்படி எனக்கு உத்தரவாயிற்று. மறுநாள் ஒரு கட்டுமரத்தில் கடம்ப மரத்தடியில் குடை பிடித்து உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் விழுவதை எண்ணினேன். முந்நூற்றுப் பதினேழு. அதில் நாற்பது என் குடை மேல். அப்படியே எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து நாலாம் நாளே கேள்வி வந்தது. ‘குடை ஆபீஸ் சொத்தாகையால், அதன் மேல் விழுந்த நாற்பதும் ஏரியைச் சேர்ந்ததா, ஆபீஸைச் சேர்ந்ததா?’ எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் நாலு நாளில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான்.

நான் எழுதிய கேவலங்களிலேயே பெரிய கேவலம் அது என்று அன்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

தைக்கு ஆறு நாள் இருக்கையில், டைரக்டர் அவர்களே வருகிறார் என்று தந்தி வந்தது. மார்கழிக் கடைசி நாள் ஏரிக்கரையில் விழா. இறுதித் தேர்வை அவரே நடத்துவார். தேறினால் அன்றே நற்சான்றுப் பத்திரம். ஊருக்கு உயிர் வந்தது. கதிர் இன்னும் முழுக்கச் சாகவில்லை. ஒரு நனைப்பு கிடைத்தாலும் பாதியாவது தேறும் என்று துரை சொன்னார்.

விழாவுக்கு மைக் செட், சதுரங்கப்பட்டினம் கியாசுதீனுடையது. அந்தச் சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் பெட்ரோமாக்ஸும் ஒலிபெருக்கியும் கொடுக்கிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் பேஜாரு பண்றீங்க? பத்து வருசமா அந்த ஊருக்கு நான் லைட்டு மட்டும்தான் குடுத்துகினு கீறேன். இப்போ மைக்கு கட்டி அலறவுட்டா குஞ்சுங்க கூட்டுலேர்ந்து பொத்துனு வுழும் சார். பாவம் நம்மள சும்மா வுடாது.”

தனி அதிகாரி அவர்களிடம் சொன்னேன். “விழட்டுமே! நேசத்தைப் பற்றிய சொற்பொழிவு. பறவைகளும்தான் கேட்கட்டும்,” என்றார்.

கியாசுதீன் ஒரே ஒரு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, கடல் பக்கமாகத் திருப்பிக் கட்டி, அதன் வாய்க்குள் ஒரு கோணிப்பையைச் சுருட்டித் திணித்துவிட்டார். டைரக்டர் அவர்களின் குரல் குதிருக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போலக் கேட்டது. வால்வு வீக்கு சார் என்று கியாசுதீன் கும்பிட்டார்.

இந்த ஆறு நாளும் துரையின் வீட்டில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சின்னப்பொண்ணு அவருக்கு முன்னால் சோற்றுத் தட்டை வைத்து, கையால் மூடிக்கொண்டு உட்காருவாள்.

“பறவையால உனுக்கு இன்னா பிரயோஜனம்?”

“எர...”

“சோறு கெடையாது போ! ஒண்ணுமில்லன்னு சொல்லுய்யா!”

“ஒண்ணு... ஒண்ணுமில்ல. ஆனா பொய் ஆச்சே புள்ள. அதுங்க தலைக்கு மேல கேட்டுகினு இருக்கும்போதே எப்டி சொல்றது?”

“நெல்லு சாவுது. நீ சொல்லு. அதுங்க மன்னிக்கும்.”

விழா நாளன்று பந்தலில் ஊரே இருந்தது. டைரக்டர் அவர்கள் வெள்ளை உடையில், மெலிந்த, சாந்தமான மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் பேச்சை நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

“எனக்குச் சிறு வயதிலிருந்தே இயற்கை என்றால் உயிர். என் அறையில் ஏழு பஞ்சடைத்த பறவைகள் வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்க்காமல் ஒரு கோப்பில் கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. மேஜையை விட்டு நான் அதிகம் வெளியே வருவதில்லை. வெளியே வந்தால் வெயில்; இயற்கையை ரசிக்க முடிவதில்லை. ஆனாலும் இன்று உங்களுக்காக வந்திருக்கிறேன்...”

கடைசியில் துரையை அழைத்தார்கள். புது வேட்டி கட்டியிருந்தார். கியாசுதீனுடைய பையனின் சட்டை ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டிருந்ததால் கை தூக்க முடியவில்லை. பென்குவின் கேட்டார்கள், சொன்னார். நெருப்புக்கோழி முட்டை, மூன்று ராத்தல், சொன்னார்.

“இந்தப் பறவைகளால் உனக்கு என்ன பயன்?” என்றார் டைரக்டர் அவர்கள்.

துரை ஏரியைப் பார்த்தார். பிறகு சின்னப்பொண்ணைப் பார்த்தார். அவள் உதட்டால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு பிரயோஜனமும் இல்ல சாமி,” என்றார். “அந்தத் தண்ணி எங்களுக்கு வோணாம். சும்மா... அன்புதான்.”

தண்ணீர் வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்றாகச் சொல்ல வேண்டும் என்ற ஆத்திரத்தில் அந்த மனுஷர் தானாகவே சேர்த்துக்கொண்டார். டைரக்டர் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து துரையைத் தழுவிக்கொண்டார். ‘பயன் கருதாத கிராமம்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்த பத்திரத்தைக் கையில் கொடுத்தார். போட்டோ பிடித்தார்கள்.

துரை பத்திரத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார். “அப்போ மதகு தொறந்துடலாங்களா சாமி?”

“எந்த மதகு?” என்றார் டைரக்டர் அவர்கள்.

தனி அதிகாரி அவர்கள் குனிந்து காதில் சொன்னார். டைரக்டர் அவர்கள் கேட்டுக்கொண்டே வந்தார். முகத்தில் உண்மையான குழப்பம் வந்தது.

“தண்ணீர் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னார்?”

“ஆமாம் சார். சபையில் சொன்னார்.”

“பயன் கருதாதவர்களுக்குப் பயனைக் கொடுத்தால் அவர்களைக் கெடுப்பதாகாதா? முன்பு இவர்களுக்கு அன்பு இல்லை, அதனால் தண்ணீர் இல்லை. சரி. இப்போது அன்பு வந்துவிட்டது. தண்ணீர் வேண்டியதில்லை. மதகு அப்படியே இருக்கட்டும். ஏரி நிறைந்து இருந்தால் பறவைகளுக்கும் நல்லது. எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதிக்கொண்டேன். ‘இவ்வூரார் மேற்படி நீரால் தங்களுக்கு யாதொரு பயனும் இல்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டபடியால்...’ என்று ஆரம்பிக்கிற உத்தரவு. நல்ல கையெழுத்து என்று தனி அதிகாரி அவர்கள் பாராட்டினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணு எழுந்தாள். அந்த ஏரிக்கரையில் மார்கழி மாதத்தில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். “யோவ்! எருன்னு சொல்லுய்யா! இப்போ சொல்லு! எருன்னு சொல்லு!”

“எரு சாமி!” என்று துரை அலறினார். “எரு! எரு! பேலுது சாமி, தண்ணில வுழுது, நெல்லு வெளையுது! அன்பு இல்ல சாமி, எனுக்கு அன்பே இல்ல!”

“தேர்வு முடிந்துவிட்டது,” என்றார் தனி அதிகாரி அவர்கள். “ஒருதரம் தேறியவர் திரும்பத் தோற்க விதியில் இடமில்லை.”

டைரக்டர் அவர்களின் கார் சிங்கப்பெருமாள் கோயில் வழியாகச் சென்னைக்குப் போயிற்று. கான்ஸ்டபிள் மதகிலேயே இருந்தார். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். அது எங்கள் ஆபீஸுக்கே வந்தது. நான்தான் பதில் எழுதினேன். தை பிறந்தது. மேல்மடைக்காரர்களுக்குப் பாதியாவது மிஞ்சியது. கடைமடையில் கதிரை உருவிப் பார்த்தால் உள்ளங்கையில் உமிதான் நின்றது. ஊதினால் அதுவும் போயிற்று. துரை அறுக்கத்தான் அறுத்தார். மாட்டுக்கு வைக்கோல் ஆச்சே. எங்கள் திட்டத்துக்குச் சென்னையில் கேடயம் கொடுத்தார்கள். தனி அதிகாரி அவர்களுக்கு உத்தியோக உயர்வும் வந்தது. கடலைப் பாதுகாக்கப் போட்டிருப்பதாகக் கேள்வி.

மாசி நடுவில் ஒரு நாள், ஏரிக்கரையில் ‘பயன் கருதாத கிராமம்’ என்ற பெயர்ப்பலகையை நட்டுவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். துரை கரையில் உட்கார்ந்து வைக்கோல் பிரி முறுக்கிக்கொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. சின்னப்பொண்ணு மாமல்லபுரத்தில் கல் சுமக்கப் போகிறாள் என்றும், பிள்ளைகள் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்கள் என்றும் வழியிலேயே சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினேன்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. மாமல்லபுரம் பங்களாவில் தங்கியிருந்த சென்னைக்காரர்கள் இரண்டு பேர், தொப்பியும் துப்பாக்கியுமாக இறங்கினார்கள். எனக்கு வணக்கம் கூடச் சொன்னார்கள். கரையோரமாக நடந்து போய், கடம்ப மரங்களைப் பார்த்துக் குறிவைத்தார்கள். வெடிச் சத்தம். ஏரி முழுக்க ஒரே இறக்கைச் சத்தமாக எழும்பிற்று. எழும்பத் தெரியாத குஞ்சுகள் கூட்டிலேயே கிடந்து கத்தின.

“துரை! சுடுகிறான்கள் துரை! ஊரைக் கூப்பிடு!” என்று நான் பதறினேன்.

“இன்னா சார் அவசரம்?” என்றார் துரை.

“ஐயா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு துப்பாக்கிக்காரனை நீங்கள் உப்பங்கழி வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினதாகச் சொல்வார்களே!”

“ஓடனோம். அப்போ அது எங்க நெல்லு சார். எங்க நெல்ல எவனாச்சும் சுட்டா வுட்டுடுவோமா?” அவர் பிரியை முறுக்கிக்கொண்டே இருந்தார். “இப்போ அன்பு வச்சிகினு கீறோம். அன்பு கம்பு எடுத்துகினு ஓடாது சார். வயிறுதான் ஓடும்.”

இரண்டாவது வெடி கேட்டது. அவர் கையிலிருந்த பிரி நழுவிற்று. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. ஊருக்குள்ளிருந்தும் ஒருவரும் வரவில்லை.

நான் ஓடியிருக்கலாம். கையில் சுத்தியல் வேறு இருந்தது. எனக்கு அதில் என்ன பயன் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது வெடி கேட்டபோது பலகைக்குக் கடைசி ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நேராகத்தான் அடித்தேன்.